ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: பழைய தமிழ்க் கோப்புகளின் கதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஆங்கில கீபோர்டுல ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு அரைப்புள்ளி. இந்த அஞ்சையும் வரிசையா தட்டினா என்ன வரும்? பாமினி எழுத்துருவுல ‘தமிழ்’னு வரும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல அதே கோப்பைத் திறந்தா, அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

ஏன் இப்படின்னு புரிய, 90-களுக்குப் போகணும். அன்னைக்கு ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஒரு பைட்டுல 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் போயிடுச்சு. மிச்சம் 128. நம்மகிட்ட இருக்கிறதோ 247 எழுத்து, கூடவே ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகள். எப்படி அடைக்கிறது?

எழுத்தை உடைச்சாங்க. ‘கொ’ன்னா ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை எழுத்துருவைச் செய்தவங்களே முடிவு பண்ணினாங்க. பாமினி ஒருபடி மேல போய், ஆங்கில எழுத்துகளின் இடத்துலயே தமிழை உட்கார வெச்சது.

இங்கதான் சிக்கல். பழைய கோப்பைத் திறக்கும்போது வேர்டு சில சமயம் ‘எந்த என்கோடிங்?’னு ஒரு பட்டியலை நீட்டும். ரஷ்ய மொழிக் கோப்புன்னா கேஓஐ8, விண்டோஸ் 1251 இப்படி ஒண்ணு ஒண்ணா மாத்திப் பார்த்தா, சரியானது கிடைச்சதும் படிக்க முடியும். தமிழுக்கு அந்தப் பட்டியல்ல இந்திய அரசின் தரமான இஸ்கி இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க பெரும்பாலும் அதுல எழுதல. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பாமினி கோப்பு சுத்தமான ஆங்கிலம். அது தமிழ்ங்கிற தகவல் எழுத்துருவின் பேர்ல மட்டும்தான் இருக்கு. அதையே வெறும் டெக்ஸ்ட் கோப்பா சேமிச்சா, அந்தப் பேரும் போயிடும்.

இதைச் சரிசெய்யப் பலர் உழைச்சாங்க. சுவிட்சர்லாந்து, கனடா, சிங்கப்பூர், மலேசியான்னு பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல்லயே பேசி ‘திஸ்கி’ங்கிற பொதுக் குறியீட்டை உருவாக்கினாங்க. 1999-ல் சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற இரண்டு தரங்களைக் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். ஆனா தரமே மூணாச்சு! 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்த யூனிகோடு, விண்டோஸ் 2000-க்குப் பிறகுதான் மெல்ல வீடுகளுக்கு வந்தது. தமிழ்நாடு அரசு அதை ஏத்துக்கிட்டது 2010-ல்.

அதுக்குள்ள தட்டச்சு செஞ்சது எவ்வளவு இருக்கும், யோசிச்சுப் பாருங்க. சிற்றிதழ்கள், ஈழத்தவரும் புலம்பெயர்ந்தவர்களும் எழுதின கதைகள், ஊர் வரலாறுகள். கோப்பு பத்திரமா இருக்கும். ஆனா ‘தமிழ்’னு தேடினா அது அகப்படாது. ஓலைச்சுவடியைக் கரையான் தின்னா கண்ணுக்குத் தெரியும். இந்த இழப்பு தெரியவே தெரியாது. எனக்கு உறுத்துறது அதுதான்.

உங்க வீட்டு அலமாரியிலயும் அப்படி ஒரு சிடி இருக்கலாம். கிடைச்சா, முதல்ல ஒரு நகல் எடுங்க. கோப்பைத் திறந்ததும் எழுத்துருவை மாத்தாதீங்க. அதன் பேரைக் குறிச்சு வைங்க. பாமினியா, திஸ்கியா, டாப்பான்னு தெரிஞ்சுட்டா, இணையத்துல கிடைக்கிற எழுத்துரு மாற்றிகள் யூனிகோடுக்குக் கொண்டுவந்துடும். பிறகு ஒருமுறை முழுசா படிச்சுப் பாருங்க. கொம்பும் காலும் இடம் மாறி நிக்கலாம். மூலக் கோப்பை மட்டும் அழிச்சுடாதீங்க.

தாத்தாவோ அத்தையோ எழுதினது அதுல இருந்தா, எந்த எழுத்துருவுல அடிச்சாங்கன்னு இப்பவே கேட்டு வைங்க. அந்த ஒரு பேர்தான் சாவி.