அல்சூரின் சாலைப் பெயர்கள்

1809இல் ஆங்கிலேயர் அல்சூரை ஒட்டிப் பெங்களூர் கண்டோன்மென்ட்டை அமைத்தனர். சோமேசுவரர் கோயிலும் ஏரியும் அதற்கு முன்பே அங்கு இருந்தன. படையின் பின்னால் மதராஸ் மாகாணத்திலிருந்து தமிழ் வணிகர்களும் ஒப்பந்தக்காரர்களும் தொழிலாளர்களும் வந்து குடியேறினர். ஊரை வளர்த்தவர்கள் இவர்கள். சாலைகளுக்கோ கேம்பிரிட்ஜ், கென்சிங்டன், மர்பி என்று பெயர் விழுந்தது. இம்மூன்றும் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

1947இல் கண்டோன்மென்ட் மைசூர் அரசின் கைக்குத் திரும்பியது. மறு ஆண்டே அல்சூர்ப் பக்கம் வரும் சவுத் பரேட், மகாத்மா காந்தி சாலையானது. காந்தி மறைந்த சில வாரங்களில் சூட்டிய அந்தப் பெயரை மக்கள் மனமார ஏற்றனர், 'எம்.ஜி. ரோடு' நகரத்தின் அடையாளமாகவே ஆயிற்று. ரெசிடென்சி சாலைக்கு ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவின் பெயர் சூட்டியும் பேச்சில் பழைய பெயரே நிற்கிறது. பலகையில் மட்டும் எழுதிய பெயர் வேர்பிடிப்பதில்லை. பழைய மதராஸ் சாலைக்கு இட்ட சுவாமி விவேகானந்தர் பெயரையோ மெட்ரோ நிலையம் நாள்தோறும் அறிவிக்கிறது. 2011இல் திறந்த அதே தடத்தில் அல்சூர் நிலையத்தின் பெயர் 'ஹலசூரு'; அங்குள்ள தமிழர் வாயில் ஊர் இன்னும் அல்சூர்தான்.