தாயகம் திரும்பியோரும் நம் பங்கும்



நம் கோவில் எழும்பிய வரலாறும், இங்கே பணியாற்றிய குருக்களின் வரிசையும் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. இக்கோவிலை நிரப்பிய மக்கள் இந்த நீலமலைக்கு எவ்வாறு வந்தார்கள் என்பதை நான் சுருக்கமாக எழுத விரும்புகிறேன். தங்கள் பாட்டனார் ஏன் 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டார் என்பது இன்றைய நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

ஒப்பந்தம்

ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழகத்திலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் சந்ததியாரில் மிகப் பெரும்பாலோர், 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த வீடுகள் நம் பங்கிலும் உண்டு.

வேலையும் கடனும்

தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கினார்கள். அங்கிருந்து அரசு காட்டிய வழிகள் பல. சிலருக்கு நூற்பாலைகளில் வேலை கிடைத்தது. கேரளத்தில் புனலூரை அடுத்த ரப்பர் தோட்டங்களுக்குச் சிலர் சென்றார்கள். தாயகம் திரும்பியோருக்கெனவே 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. சிறு வணிகம் செய்யக் கடன் பெற்றுச் சமவெளியில் இறங்கியவர்கள் ஏராளம். ஆனால் கொழுந்து பறித்தே பழகிய கைகளுக்குத் தராசு பிடிக்கத் தெரியவில்லை. கடன் பணம் கரைந்தபின், குளிரும் தேயிலையும் உள்ள இம்மலையைத் தேடித் தாமாகவே ஏறி வந்தவர்கள் பலர்.

நிலைத்து நின்ற திட்டம் 1968-இல் வனத்துறை தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே. இதுவே பின்னர், 1975-இல், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டான்டீ' கழகமாயிற்று. கோத்தகிரி, சேரம்பாடி, நெல்லியாளம், வால்பாறை எனப் பல இடங்களில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் இம்மக்களே. தெரிந்த தொழிலையே அரசு அவர்கள் கையில் கொடுத்ததால் அது பலன் தந்தது.

அக்கம்பக்கம்

எனினும் வேலை ஒன்றே ஊராகிவிடாது. தண்ணீர்க் குழாய்க்கும் குடும்ப அட்டைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அவர்கள் பல படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. கடையிலும் பேருந்திலும் 'அகதி' என்ற சொல் காதில் விழுந்தது. அக்காலத்தில் பாடிகளில் வீடு வீடாகச் சென்ற செபமாலையும், சாவு வீட்டில் தோள் கொடுத்த அன்பியமுமே அவர்களை இவ்வூர்க்காரராக்கின என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. தோட்ட வீடு வேலையோடு வருவது. ஓய்வு பெற்றால் விட்டுவிட வேண்டியது. 2022-இல் டான்டீ நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு ஆணை பிறப்பித்தபோது, இம்மக்களின் மனத்தில் பழைய அச்சம் மீண்டும் எழுந்தது. ஆயுள் முழுதும் உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை என்பது தருமம் அன்று, நீதி.

நம் கடமை

திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1952-இல் வெளியிட்ட ஏட்டில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே நாடு பெயர்ந்த குடும்பங்களுக்கெல்லாம் முன்மாதிரியாகக் காட்டினார். நம் பெற்றோர் காலிசெய்த பாடிகளில் இன்று ஜார்கண்ட் மாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் அவர்களுடைய பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

யூபிலி ஆண்டில் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். வீட்டுமனைக்கும் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கும் முதியவர்களோடு நம் படித்த இளைஞர்கள் தாலுகா அலுவலகம் வரை துணை செல்லட்டும். புதிதாக வந்திருப்போரை, நம்மை ஏற்றுக்கொண்டவர்களின் நினைவாக, நாம் ஏற்றுக்கொள்வோம்.

திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக!

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை