மருத்துவர் சொல்லும் சட்டத்தின் எல்லையும்: பாலீர்ப்பு மாற்றச் சிகிச்சைத் தடை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவர் ஒருவர் தம்மை நாடி வரும் பிணியாளரிடம் கூறும் சொல் பேச்சா, அன்றிச் சிகிச்சையின் ஓர் உறுப்பா என்னும் வினா சட்ட வரலாற்றில் அண்மைக் காலத்திலேயே கூர்மை பெற்றது. அது பேச்சாயின் பேச்சுச் சுதந்திரத்தின் காப்பு அதற்கு உண்டு. சிகிச்சையாயின் அரசு அதனை ஒழுங்குபடுத்தலாம்; தீங்கு பயக்குமிடத்துத் தடை செய்யவும் செய்யலாம். தன்பாலீர்ப்புடையோரை எதிர்பாலீர்ப்புடையோராக மாற்ற முயலும் 'பாலீர்ப்பு மாற்றச் சிகிச்சை'யைத் தடுக்கும் சட்டங்களையொட்டி எழுந்த வழக்குகளே இவ்வினாவை நீதிமன்றங்களின் முன் நிறுத்தின. அவ்வழக்குகளின் வரலாற்றினின்று இலங்கையும், சிறப்பாகக் கல்முனை முதல் தம்பிலுவில் வரையுள்ள கிழக்குக் கரையோரமும் அறிந்துகொள்ளத்தக்கது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவம் கடந்து வந்த பாதை

தன்பாலீர்ப்பைப் பாவம் என்றும் குற்றம் என்றும் கண்ட ஐரோப்பா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனை நோய் எனவும் காணத் தலைப்பட்டது. 1886இல் வெளிவந்த கிராஃப்ற் எபிங்கின் நூல் இப்போக்கிற்கு வலுவூட்டியது. நோயெனின் மருந்தும் இருத்தல் வேண்டுமன்றோ? அறிதுயில், உளப்பகுப்பு, மின்னதிர்ச்சி, குமட்டலை உண்டாக்கும் மருந்துகள் என்பன ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளப்பட்டன. எனினும் உளப்பகுப்பின் தந்தையாகிய சிக்மண்ட் பிராய்ட், 1935இல் அமெரிக்கத் தாயொருத்திக்கு எழுதிய கடிதத்தில், அவள் மகனின் இயல்பு நாணத்தக்கதோ நோயோ அன்று எனத் தெளிவுபடுத்தியதோடு, அதனை மாற்றித் தருவதாக வாக்களிக்கவும் தயங்கினார்.

1973இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலினின்று நீக்கிற்று. 1990 மே 17ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை அங்கீகரித்த பட்டியலிலும் அது நோயாக இடம்பெறவில்லை. நோயே இல்லையெனத் துணிந்த பின்னர் சிகிச்சைக்கு இடமேது? ஆயினும் அம்முயற்சிகள் ஓய்ந்தபாடில்லை.

இவ்விடத்து றொபேட் ஸ்பிற்சர் என்னும் உளமருத்துவரின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1973ஆம் ஆண்டு மாற்றத்தில் முன்னின்றவர் அவரே. அவரே 2003இல், இருநூறு பேரைத் தொலைபேசி வழி வினவிய ஆய்வொன்றினை வெளியிட்டு, சிலரேனும் மாறக்கூடும் எனக் கூறினார். மாற்றச் சிகிச்சையை ஆதரித்தோருக்கு அது பெருந்துணையாயிற்று. பின்னர் 2012இல், தம் ஆய்வுமுறை அம்முடிவைத் தாங்கவல்லதன்று என ஏற்று அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். அவர் தவறான முடிவை வெளியிட்டமையும், பிறர் அதனைக் கண்டித்தமையும், இறுதியில் அவரே அதனைக் கைவிட்டமையும் தடையற்ற பேச்சினாலேயே நிகழ்ந்தன என்பது மனங்கொளற்பாலது. அறிவுலகில் பிழையான கருத்தைத் திருத்துவது மறுகருத்தே. ஆனால் அப்பிழையான கருத்தின்வழிச் சிகிச்சை பெற்றவனுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துவந்த மன்னிப்பு யாது பயன் தரும்? அறிஞர் அவைக்கும் சிகிச்சை அறைக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தொடங்குகிறது.

சொல்லா, செயலா?

ஐக்கிய அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2012இல், உரிமம் பெற்ற உளநல வல்லுநர் பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்கு இச்சிகிச்சை அளித்தலைத் தடுத்து முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு நியூ ஜேர்சி அதனைப் பின்பற்றிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய மின்னதிர்ச்சி முறைகள் அருகி, இருவர் எதிரெதிரே அமர்ந்து உரையாடும் முறையே அதற்குள் எஞ்சியிருந்தது. ஆகவே, உரையாடலைத் தடுப்பது பேச்சைத் தடுப்பதாகும் என்று வாதிடுதல் எளிதாயிற்று.

நீதிமன்றங்கள் மூவகையாக விடையிறுத்தன. 2013இல் மேற்குக் கரை மாநிலங்களுக்கான ஒன்பதாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம், தடுக்கப்படுவது சிகிச்சை என்னும் செயலே, அச்செயல் சொல்லால் நிகழ்வதனால் மட்டும் அது பேச்சாகிவிடாது எனக் கொண்டு கலிபோர்னியச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2014இல் மூன்றாம் சுற்று நீதிமன்றம், அது பேச்சேயெனினும் தொழில்சார் பேச்சாதலின் குறைந்த காப்பே அதற்குரியது என்று கூறி நியூ ஜேர்சிச் சட்டத்தை ஏற்றது. 2018இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழில்சார் பேச்சு என்றொரு தனிவகையைத் தான் அங்கீகரித்ததில்லை எனக் கூறிற்று. இதனைப் பற்றிக்கொண்டு 2020இல் பதினோராம் சுற்று நீதிமன்றம் புளோரிடாவில் இயற்றப்பட்ட இரு உள்ளூர்த் தடைச் சட்டங்களைச் செயலற்றனவாக்கியது. கொலராடோவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய வழக்கில், 2025 ஒக்ரோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன்னரே இவ்விவாதம் நிகழ்ந்தது.

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாந் திருத்தம் பேச்சுச் சுதந்திரத்தைக் கூறுமிடத்து, அதற்கான வரையறைகளைத் தன் வாசகத்தில் கூறவில்லை. எனவே ஒன்று பேச்சா அன்றா என்பதிலேயே வழக்கின் வெற்றி தோல்வி பெரிதும் தங்கியுள்ளது. வரையறைகளை வெளிப்படையாகவே வகுத்துக்கொண்ட அரசியலமைப்புகளில் வினாவின் வடிவம் வேறாகும். கனடாப் பாராளுமன்றம் 2021இல் இரு அவைகளிலும் எதிர்ப்பின்றித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியமை இவ்வேறுபாட்டுடன் ஒப்பு நோக்கத்தக்கது.

சென்னைத் தீர்ப்பு

தமிழுலகில் இவ்விடயம் நீதிமன்றத்தை அடைந்த வழி முற்றிலும் வேறானது. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சென்னைக்குச் சென்றனர். பெற்றார் பொலிசாரிடம் முறையிட்டனர். பொலிசாரின் தொல்லையினின்று காப்பு வேண்டி அப்பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் நாள் அளித்த தீர்ப்பினால், வயதுவந்தோரிடையே இசைவுடன் நிகழும் தன்பாலுறவு குற்றமாகாமல் நீங்கியிருந்தமையே அவர்கள் துணிந்து நீதிமன்றப் படியேற வழிசெய்தது.

வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இவ்விடயத்தில் தமக்குப் போதிய தெளிவில்லை என வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் தாமே சென்று விளக்கம் பெற்ற பின்னர், 2021 யூன் 7ஆம் நாள் தம் ஆணையைப் பிறப்பித்தார். பாலீர்ப்பையோ பால் அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதனைத் தடுக்க வேண்டும் எனவும், அவ்வாறு முயலும் தொழில்வல்லுநரின் உரிமத்தை மீளப்பெறுதல் உட்பட நடவடிக்கை எடுக்க வேண்டும் எனவும் அது பணித்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஓகஸ்ற் மாதம் இந்திய தேசிய மருத்துவ ஆணையம் இச்சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என மாநில மருத்துவச் சபைகளுக்கு அறிவித்தது.

இங்குக் கருத்தை வெளியிடுதல் தடைசெய்யப்படவில்லை. உரிமத்தின்வழிச் செலுத்தப்படும் அதிகாரமே தடைசெய்யப்பட்டது. தன்பாலீர்ப்பு தீதென்று கருதும் மருத்துவர் அக்கருத்தைக் கட்டுரையாக எழுதலாம்; மேடையிற் கூறலாம். மருத்துவர் என்னும் பெயரைக்கொண்டு, நம்பி வந்தவனைக் குணமாக்குவேன் எனக் கூறிச் சிகிச்சையளித்தல் மட்டும் ஆகாது. மருத்துவ நூல்கள் பழைய பிழைகளையே கற்பித்து வந்தமையையும் அந்நீதிமன்றம் கவனித்தது. அப்பிழைகள் எளிதில் மறைவன அல்ல என்பதற்கு, 2024இல் அதே ஆணையம் பெண்களிடையேயான தன்பாலுறவை இயற்கைக்கு மாறான குற்றங்களுள் ஒன்றாகப் பாடத்திட்டத்தில் மீண்டுஞ் சேர்த்து, எதிர்ப்பெழுந்ததும் சில நாட்களிலேயே அதனை மீளப்பெற்றமை சான்றாகும்.

இலங்கையின் நிலை

இலங்கையில் இவ்விவாதத்தைத் தொடங்குவதற்கே ஒரு தடையுண்டு. பிரித்தானிய ஆட்சியில் 1883இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளே அத்தடை. முன்னர் ஆண்களை மட்டுமே சுட்டிய 365அ பிரிவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தினாற் பெண்களையும் உள்ளடக்கலாயிற்று. 2016இல் நாட்டின் அதியுயர் மன்றாகிய உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவில் அரசு தலையிடலாகாது என்னும் தற்கால எண்ணத்தைக் குறிப்பிட்டபோதும், சட்டம் சட்டமாகவே உள்ளது எனக் கொண்டு தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, இலங்கைப் பெண்ணொருவரின் முறைப்பாட்டின் பேரில், இச்சட்டம் அவர்தம் உரிமைகளை மீறுகின்றது என முடிவு செய்தது. இப்பிரிவுகளைத் திருத்தப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் டொலவத்த கொணர்ந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்பிற்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் அது நிறைவேறாமலே 2024 செப்டெம்பரிற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை வழங்குகிறது. 15(7) உறுப்புரை பொதுச் சுகாதாரம், பிறர் உரிமை முதலியவற்றின் பொருட்டுச் சட்டத்தால் அதனை வரையறுக்க இடமளிக்கிறது. எனவே மாற்றச் சிகிச்சையைத் தடுக்கும் சட்டமொன்று இங்கு இயற்றப்படின், பேச்சுச் சுதந்திரத்தின் பேரால் அதனை வீழ்த்துதல் அமெரிக்காவிற்போன்று எளிதாகாது. அரசியலமைப்பு இத்தகைய சட்டத்திற்குத் தடையாக நில்லாதபோதும், தண்டனைச் சட்டக்கோவை பாதிக்கப்பட்டவனை நீதிமன்றத்தை அணுகவிடாது நிற்கின்றது.

கிழக்குக் கரையோரம்

கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் எனத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த இக்கரையோரத்தில், மாற்றச் சிகிச்சை என்னும் பெயர் பலர் செவிக்கு எட்டாதது. எனினும் அதன் பொருள் அந்நியமானதன்று. பிள்ளை திருமணத்தை மறுக்குமிடத்து அதற்குத் தோசம், செய்வினை, ஜின் எனக் காரணம் தேடுதலும், மந்திரித்தல், நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல், ஓதிப் பார்த்தல் ஆகியவற்றை நாடுதலும் மக்களிடையே உள்ளனவே. இவை யாவும் தீங்கானவை எனல் பொருந்தாது. அன்புடன் ஓதப்படும் பிரார்த்தனை எவரையும் வருத்துவதில்லை. வழிபாட்டுச் சுதந்திரத்தின் காப்பும் அதற்குண்டு. அடைத்துவைத்தலும் அடித்தலும் சேருமிடத்தே அது குற்றமாகிறது.

இவற்றினும் பரவலான 'சிகிச்சை' திருமணமேயாகும். கலியாணம் முடித்துவைத்தாற் சரியாகிவிடும் என்பது இருசாராரிடமும் கேட்கும் சொல். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அவ்வீட்டிற்கு எடுக்கும் வழக்கம் இப்பகுதியில் இரு சமூகத்தாரிடையும் வேரூன்றியது. தந்தையொருவர் பல்லாண்டு உழைத்துக் கட்டிய வீட்டில், பிறிதொருவரின் மகனுக்குரிய மருந்தாக அவர்தம் மகள் ஆக்கப்படுகின்றாள். இச்சிகிச்சைக்குப் பலியாவோர் இருவர் என்பதும், அவ்விருவருள் ஒருத்தி தான் மருந்தென்பதையே அறியாதவள் என்பதும் கருதத்தக்கன.

உரிமம் பெற்ற மருத்துவரை மருத்துவக் கட்டளைச் சட்டமும், ஆயுர்வேத வைத்தியரை 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் கட்டுப்படுத்தவல்லன. சென்னையிற் கைக்கொண்ட வழி அவர்கள்மட்டிற் பொருந்தும். மாந்திரிகருக்கும் உறவினருக்கும் மீளப்பெறத்தக்க உரிமம் எதுவுமில்லை. அவர்களைப் பொறுத்தவரை வேண்டப்படுவது புதிய சட்டமன்று. சட்டவிரோதமாக அடைத்துவைத்தலும் காயம் விளைத்தலும் அதே தண்டனைச் சட்டக்கோவையில் ஏலவே குற்றங்களாக உள்ளன. ஆயின் பாதிக்கப்பட்ட இளைஞன் பொலிஸ் நிலையஞ் சென்று, தான் அடைத்துவைக்கப்பட்டதன் காரணத்தைக் கூறத் துணிவானா? இக்கோவையின் ஒரு பிரிவின்கீழ் முறையிடச் செல்பவன் மற்றொரு பிரிவின்கீழ்க் குற்றவாளியாகக் கருதப்படுவேனோ என அஞ்சுகின்றான். அவ்வச்சமே அவன் வாயை அடைக்கின்றது.

முடிவுரை

அமெரிக்க வழக்குகள் சிகிச்சையளிப்போனின் பேச்சுரிமையை மையமாகக் கொண்டன. சென்னைத் தீர்ப்பு சிகிச்சைக்கு உட்படுவோரின் நிலையினின்று தொடங்கி, கருத்துக்கும் அதிகாரத்துக்கும் இடையே கோடிட்டது. அக்கோடு நியாயமானதே. கருத்து பொதுமக்கள் முன் வைக்கப்படுவது, மறுப்புக்கு உட்படுவது. சிகிச்சை மறுத்துரைக்க வலியற்ற ஒருவர்மீது மூடிய அறையிற் செலுத்தப்படுவது. முன்னதைக் காத்தல் பின்னதைக் காத்தலாகாது.

இலங்கையை நோக்குமிடத்து, இவ்விவாதத்திற் பேச்சுச் சுதந்திரம் உண்மையாகவே மறுக்கப்பட்டிருப்பவர் மருத்துவரோ மதபோதகரோ அல்லர். தனக்கு நேர்ந்ததைச் சொல்ல இயலாதிருப்பவரே. மதுரைப் பெண்கள் நீதிமன்றத்தில் வாய்திறக்க முடிந்தமைக்கு 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு முன்னிபந்தனையாயிற்று. இலங்கையிலும் 365, 365அ பிரிவுகளின் திருத்தமே முதலில் வேண்டப்படுவது; தடைச் சட்டம் அதன் பின்னரே பொருளுடையதாகும். அத்திருத்தம் வருமளவும், தம்பிலுவிலிலோ கல்முனையிலோ ஒரு பிள்ளை தன் பெற்றாரிடம் அச்சமின்றிப் பேசக்கூடிய வீடு அமைதல் சட்டத்தினாலன்றி மனிதராலேயே ஆகவேண்டியதாகும்.