பொலிகுதிரையின் மூச்சு

1886ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று, வாழ்நாளில் ஓடிய 16 பந்தயங்களில் ஒன்றிலேனும் தோல்வி காணாத ஆர்மண்ட் என்னும் குதிரையை, அதன் எஜமானரான வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் 1889இல் அர்ஜென்டினாவுக்கு விக்கிரயம் செய்தபோது, தேசத்தின் செல்வத்தைக் கைநழுவ விட்டாரே என்று ஏசியவர் பலர். ஆர்மண்ட் உறுமத் தொடங்கியிருந்தது என்பதே விற்றதற்குக் காரணம். அதை ஈன்ற லில்லி ஆக்னஸும் உறுமியவள்தான். தந்தைவழியில் மேலே சென்றால், ஸ்டாக்வெல் என்னும் மூதாதையை ஈன்ற போகஹாண்டஸும் அப்படியே. அந்தத் தோஷம் தம் நாட்டுக் குதிரைகளின் சந்ததியில் பரவலாகாது என்று டியூக் கருதினார். அதற்கு முன்பே ஆர்மண்டுக்குப் பிறந்துவிட்ட ஆர்ம் என்னும் குதிரையின் புத்திரனான பிளையிங் பாக்ஸ், 1899இல் அம்மூன்று பந்தயங்களையும் அதே டியூக்குக்கே வென்று கொடுத்தது வேறு கதை.

குரல்வளையின் இடப்பக்கத் தசையை இயக்கும் நரம்பு நலிந்து மூச்சின் வழி குறுகிவிட, விரைந்தோடும் குதிரை இழுக்கும் காற்று அந்த இடுக்கில் புகும்போது எழும் கரகரத்த ஓசையே உறுமல். அக்காலத்துப் பரீட்சை எளியது: வைத்தியர் குதிரையைச் சுவரோரம் நிறுத்தி, தடியை ஓங்கி விலாவில் அடிப்பதுபோல் பாவனை செய்வார்; பயந்து அது முனகினால் சந்தேகம் பிறக்கும்; பிறகு ஓடவிட்டுக் காது கொடுப்பார். விற்பவன் மறைத்தாலும் குதிரை மறைக்காத காலம் அது.

ரண சிகிச்சை வந்து அந்தச் சாட்சியின் வாயை அடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையின் வில்லியம்ஸ் வகுத்த முறையை, லண்டன் மிருக வைத்தியரான பிரெடரிக் ஹாப்டே பிரசித்தமாக்கினார். குரல்நாணை ஒட்டிய சிறு பையின் உட்தோலை உரித்தெடுத்தால், புண் ஆறி வடுவாகும்போது நாண் ஒரு பக்கமாக இழுபட்டு வழி திறக்கும். குதிரைக்கு மெய்யாகவே உபகாரமான அச்சிகிச்சையில் குற்றம் காண நான் துணியேன். ஆயினும் கத்தி குரல்வளையைத் திருத்துமேயன்றிப் பீஜத்தைத் திருத்தாது.

பிரிட்டனின் 1918ஆம் ஆண்டுச் சட்டம், ஊர் ஊராய் நடத்திச் செல்லப்படும் பொலிகுதிரைக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென விதித்தது. உறுமல் அச்சீட்டை மறுப்பதற்குரிய தோஷங்களுள் ஒன்றாயிற்று. எனினும் எஜமானரின் சொந்த லாயத்தில் நிற்கும் குதிரையை அச்சட்டம் தீண்டவில்லை. உயர்சாதிப் பந்தயக் குதிரைகளோ பெரும்பாலும் அங்கேதான் நின்றன. 2018 முதல், மூச்சுவழியில் சிகிச்சை பெற்ற குதிரை அதற்குப்பின் முதன்முறை ஓடும்போது அச்செய்தியைப் பந்தயம் கட்டுவோருக்கு அறிவித்துவிட வேண்டுமென்பது பிரிட்டனின் விதி. தாய் தந்தையர் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் வம்சாவளிப் புத்தகத்திலோ அந்தக் குறிப்பு ஏறுவதில்லை. சந்ததிக்கென்று கட்டணம் வாங்குகிறவர்கள் அதை அங்கே எழுதத்தான் வேண்டும்.