இரவல் ஒளி: கடலுயிர்களின் ஒளிர்வும் உணவுச் சங்கிலியும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் கடலில் போரிக்திஸ் நோட்டேட்டஸ் என்றொரு மீன் வாழ்கிறது. அதன் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான ஒளியுறுப்புகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். கடற்படைச் சீருடையின் பித்தளைப் பொத்தான்கள் போலிருப்பதால் ஆங்கிலத்தில் அதற்கு 'மிட்ஷிப்மேன்' என்று பெயர். கலிபோர்னியாவின் தென்பகுதியில் பிடிபடும் மீன்கள் ஒளிர்கின்றன. வடக்கே பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியில் வாழும் அதே இனத்து மீன்களோ, பொத்தான்கள் அத்தனையும் இருந்தும் இருண்டே கிடக்கின்றன. ஃபிரெடெரிக் ட்சுஜியும் உடனாய்வாளர்களும் 1972இல் இந்த இருண்ட மீன்களுக்கு ஆஸ்ட்ரகோடு என்னும் ஒளிரும் சிற்றுயிரிலிருந்து எடுத்த லூசிபெரின் என்னும் ஒளிதரும் பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மீன்கள் ஒளிர்ந்தன.

கடல் விலங்குகள் தமக்கான ஒளியைத் தாமே உண்டாக்குகின்றன என்று பாடநூல்கள் சொல்லி வந்திருக்கின்றன. 'தாமே' என்ற அந்தச் சொல்லை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதே என் வாதம். பெரும்பாலான ஒளிரும் விலங்குகளின் ஒளி, வாய்வழி வந்த இரவல். இதை ஏற்காமல், ஒளிர்வு ஏன் இத்தனை பரவலானது என்ற கேள்விக்கு நிறைவான விடை கிடைக்காது.

வேதியியலை முதலில் பார்ப்போம். 1887இல் பிரெஞ்சு உடலியலாளர் ரஃபாயெல் துபுவா, பாறையைத் துளைத்து வாழும் ஃபோலாஸ் என்ற ஒளிரும் சிப்பியை எடுத்துக்கொண்டார். அதன் சாற்றைக் குளிர்ந்த நீரில் எடுத்தபோது அது சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீரில் எடுத்த சாறு ஒளிரவே இல்லை. அணைந்ததையும் ஒளிராததையும் கலந்தபோது ஒளி மீண்டது. வெப்பத்தில் கெடும் நொதி ஒன்று, எரிந்து தீரும் பொருள் ஒன்று என இரண்டு தேவை என்பது தெளிவாயிற்று. நொதிக்கு லூசிபெரேஸ் என்றும் பொருளுக்கு லூசிபெரின் என்றும் அவர் பெயரிட்டார். லூசிபெரின் ஆக்சிஜனோடு சேரும்போது வெளிப்படும் ஆற்றல், வெப்பமாக வீணாகாமல் ஒளியாக வெளியேறுகிறது. கடலில் அது பெரும்பாலும் நீல ஒளி. நீரில் அதிக தொலைவு செல்லும் நிறம் அதுதான்.

நொதி புரதம், அதற்கு மரபணு உண்டு, பரிணாமம் அதை வேறொரு நொதியிலிருந்து திருத்தி உருவாக்க முடியும். கடினமான சரக்கு லூசிபெரின்தான். அதைத் தொகுக்கப் பல படிகள் வேண்டும். ஆனால் கதிர்த்துடுப்பு மீன்களில் மட்டும் ஒளிர்வு 27 முறை தனித்தனியாகத் தோன்றியிருப்பதாக 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் 17 ஆண்டுகள் எடுத்த காணொளிகளை ஆராய்ந்த ஆய்வாளர்கள் மார்ட்டினியும் ஹேடாக்கும், நீர்ப்பரப்பிலிருந்து 3,900 மீட்டர் ஆழம் வரை கண்ட விலங்குகளில் 76 விழுக்காடு ஒளிரக்கூடியவை என்று 2017இல் எழுதினார்கள். இவ்வளவு கடினமான ஒன்று எப்படி இவ்வளவு எளிதாகத் திரும்பத் திரும்பத் தோன்றும்?

விடை உணவில் இருக்கிறது. சீலெண்டரசின் என்னும் ஒரே லூசிபெரின் ஜெல்லி மீன், கணவாய், இறால், மீன் என உறவே இல்லாத பல குழுக்களில் காணப்படுகிறது. ஈக்வோரியா என்ற ஜெல்லி மீனை வைத்துத்தான் வேதியியலாளர் ஒசாமு ஷிமோமுரா 1961இல் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஈக்வோரின் என்னும் ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதனுடன் கிடைத்த பச்சை ஒளிர்புரதம் அவருக்கு 2008இல் நோபல் பரிசைத் தேடித் தந்தது. அந்த ஜெல்லி மீனே தன் லூசிபெரினைத் தானே செய்துகொள்வதில்லை. லூசிபெரின் இல்லாத இரையை மட்டும் கொடுத்து வளர்த்தபோது அது ஒளிரும் திறனின்றியே வளர்ந்ததை 2001இல் ஹேடாக் குழுவினர் காட்டினார்கள்.

இதற்கும் ஒரு படி மேலே போகிறது பாராப்பிரியாகாந்தஸ் என்ற சிறு மீன். ஆஸ்ட்ரகோடுகளைத் தின்று, லூசிபெரினோடு நொதியையும் செரிக்காமல் அப்படியே எடுத்துத் தன் ஒளியுறுப்பில் வைத்துக்கொள்கிறது. 2020இல் இது வெளியானபோது, உண்ட புரதம் செரித்தே தீரும் என்ற நம் பழைய எண்ணமே ஆட்டம் கண்டது.

நுண்ணுயிர்களைக் குடிவைப்பவையும் உண்டு. நம் கரைகளில் கருவாட்டுக்குக் காயும் காரல் மீனின் உணவுக்குழலைச் சுற்றி ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஒளிரும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஹவாய்க் குட்டிக் கணவாய் முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே தனக்கான பாக்டீரியாவைக் கடல்நீரிலிருந்து பிடித்துக்கொள்கிறது. இரவில் மேலிருந்து விழும் நிலவொளிக்கு ஈடாக வயிற்றுப்புறம் ஒளிர்வதால், கீழிருந்து பார்க்கும் பகைக்கு அதன் நிழல் தெரிவதில்லை. விடியும்போது அந்த பாக்டீரியாக்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை அது வெளியேற்றிவிடும்.

எல்லாரும் இரவல் வாங்கினால் கொடுப்பவர் யார் என்பது நேர்மையான மறுப்பு. கோபிபாடு என்னும் மிதக்கும் சிற்றுயிர்களில் ஒன்றான மெட்ரிடியா, டைரோசின், பினைல்அலனின் ஆகிய இரு அமினோ அமிலங்களிலிருந்து சீலெண்டரசினைத் தொகுப்பது 2009இல் உறுதிப்பட்டது. கோபிபாடுகள் கடலில் கணக்கற்றவை. பெரும்பாலான சிறு மீன்களின் இரை. சிலர் செய்து கொடுக்க, பலர் உண்டு வாழ்கிறார்கள். ஆகவே 27 முறை தோன்றியது முழு ஒளிர்வு அன்று. வந்து சேர்ந்த பொருளைப் பயன்படுத்தும் வழிதான் அத்தனை முறை தோன்றியது.

இருட்டு ஒளிர்வைத் தூண்டுகிறது என்பது வழக்கமான விளக்கம். அது மட்டும் போதாது. சைபீரியாவின் பைக்கால் ஏரி 1,600 மீட்டருக்கும் மேல் ஆழமானது, தெளிந்தது, மிகப் பழமையானது. அதன் இருட்டில் ஒளிரும் விலங்கு எதுவும் அறியப்படவில்லை. பொதுவாக நன்னீரிலேயே நியூசிலாந்தின் லாட்டியா நத்தை போன்ற அரிய விதிவிலக்கைத் தவிர ஒளிர்வு இல்லை. இருட்டு தேவையை உண்டாக்கலாம், சரக்கை உண்டாக்காது. நன்னீரின் உணவுச் சங்கிலியில் அந்தச் சரக்கு ஓடவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும் என நான் கருதுகிறேன்.

உணவின் கை ஒளியோடு நிற்கவில்லை. மாலகோஸ்டியஸ் என்ற ஆழ்கடல் மீன் கண்ணருகே சிவப்பொளி வீசுகிறது. அக்கம்பக்க விலங்குகள் பெரும்பாலானவற்றுக்கு அந்த நிறம் தெரியாது. அதைக் காண அந்த மீனின் விழித்திரையில் உதவுவது பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருள் என 1998இல் கண்டறியப்பட்டது. எந்த விலங்கும் பச்சையத்தைச் செய்வதில்லை. கதிரவன் எட்டாத ஆழத்தில் நீந்தும் அந்த மீனுக்கு, மேற்பரப்பில் வெயில் குடித்த பாசியின் நிறமி, அதைத் தின்ற கோபிபாடுகள் வழியாகக் கண்ணுக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.