நாற்பத்தெட்டு நாற்பத்தாறானது: மனிதக் குரோமோசோம் எண்ணிக்கையும் காந்தள் நஞ்சும்

மனித உடலுயிரணு ஒன்றில் 22 இணை உடற்குரோமோசோம்களும் ஓர் இணைப் பாற்குரோமோசோம்களுமாக 46 உள்ளன. ஈழத்துப் பாடநூல்கள் நிறமூர்த்தம் என வழங்கும் இவற்றின் எண்ணிக்கை, 1923 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் 48 எனவே கற்பிக்கப்பட்டது. டெக்சாசில் மனநல மருத்துவமனை நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்ட விரைத்திசுவை ஆராய்ந்த பெயின்டர், 46க்கும் 48க்கும் இடையே முதலில் தயங்கிப் பின்னர் 48ஐ ஏற்றார்.

மெல்லிய திசுச்சீவல்களில் குரோமோசோம்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தமை பிழைக்கு ஒரு காரணம். அதைவிட வலியது முன்முடிவு. 1952இல் உப்புச்செறிவு குறைந்த கரைசலில் உயிரணுவை ஊதச்செய்து குரோமோசோம்களைப் பிரித்துக்காட்டிய டி. சி. சூ, அத்தெளிந்த படங்களிலும் 48ஐயே எண்ணினார். சுவீடனில் கருவின் கல்லீரலை ஆராய்ந்தவர்களோ 46 மட்டுமே கிடைத்ததால் முயற்சியையே கைவிட்டனர்!

இம்முடிச்சை அவிழ்த்தவர்கள் தாவர உயிரணுவியலில் பயின்றவர்கள். லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் லெவான், வெங்காய வேர்நுனியில் கொல்கிசின் விளைவிக்கும் மாற்றங்களை 1938இலேயே விளக்கியவர். சாவகத்தில் பிறந்த ஜோ ஹின் ட்ஜியோ, பயிர் ஆய்வுகளில் தேர்ந்தவர். கொல்கிசின் கதிரிழைகள் உருவாவதைத் தடுப்பதால், பிரியவேண்டிய குரோமோசோம்கள் இடைநிலையிலேயே சுருங்கி நிற்கும். இதனோடு சூவின் முறையையும் இணைத்து, கருவின் நுரையீரல் உயிரணுக்கள் 261இல் 1955 டிசம்பரில் அவர்கள் எண்ணியபோது, மிகப்பெரும்பாலானவை 46ஐக் காட்டின. கட்டுரை 1956இல் வெளிவந்தது. அவ்வாண்டே ஃபோர்டும் ஹாமர்டனும் விரைத்திசுவில் 23 இணைகளைக் கண்டு அதனை உறுதிப்படுத்தினர்.

ஐரோப்பாவில் கொல்கிசினுக்குப் பெயர்பெற்ற மூலம் கோல்கிக்கம் என்னும் செடி. அந்நஞ்சே செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. எனினும் அது மலைக்கு மட்டும் உரியதன்று. முத்துப்பேட்டைக்குக் கிழக்கே வேதாரண்யத்து மணற்பாங்கிலும் அது விளைகிறது. கண்வலிக்கிழங்கு என்று அஞ்சப்படும் அதன் விதை, கொல்கிசினுக்காகவே விலைபோகிறது.

எண்ணிக்கைத் திருத்தத்தின் மருத்துவப் பயன் 1959இல் வெளிப்பட்டது. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளிடம் லெஜூனும் உடனாய்வாளர்களும் 47 குரோமோசோம்களைக் கண்டனர். இயல்பெண் 48 என்றே நின்றிருப்பின், அந்த 47 ஒன்று குறைந்ததாகவே படிக்கப்பட்டிருக்கும். மிகையாயிருந்த 21ஆம் குரோமோசோமைத் தேடும் எண்ணமே எழுந்திராது.