தாயகம் திரும்பியோருக்குக் கிடைத்த வேலை



1969-ஆம் ஆண்டை நமது ஜொகூர்த் தோட்டங்களில் உள்ள பெரியவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள், வேலை செய்ய ‘வொர்க் பெர்மிட்’ எடுக்க வேண்டும் என்ற நிலை அந்த ஆண்டில் வந்தது. 1968-இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு அடிப்படை. பல ஆண்டுகள் பால்மரம் சீவிய கைகள் ஒரு சீட்டுக்காகக் காத்து நின்றன. குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும், அப்போது கப்பலேறி ஊருக்குப் போய்விட்ட ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ பற்றிச் சொல்வார்கள். நாடு முழுவதிலுமிருந்து அப்படிப் போனவர்கள் ஆயிரக் கணக்கில் இருந்தனர். அவர்களுக்கென்று இரண்டு அரசுகளுக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. போய் இறங்கியவர்கள் உறவினரை நம்பியே இறங்கினார்கள்.

அதே ஆண்டுகளில், நம்மைப் போலவே பெரட்டுக்கு நின்று பழகிய இன்னொரு தோட்டத்து மக்களும் தமிழ்நாட்டுக் கரையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இலங்கையின் மலையகத் தமிழர்கள். அவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்கென்றே இந்திய அரசு பணம் ஒதுக்கியது. அந்தப் பணம் எங்கே பலித்தது, எங்கே பாழாயிற்று என்பதை இன்று பார்ப்போம்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்பது கணக்கு. அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேங்காயை உடைத்துப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டார்களே என்று அன்றே பலர் மனம் வெதும்பினார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கலந்து பேசவில்லை.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அங்கிருந்து மண்டபம் முகாம். இந்த மண்டபத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய முகாம்தான் அது. பாட்டன் போன வாசல் வழியாகவே பேரன் திரும்பி வந்தான் எனலாம். 1984-இல் போரினால் கப்பல் நிற்கும் வரை நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்து சேர்ந்தார்கள். இவர்கள் 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்த அகதிகள் அல்லர். கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த குடிமக்கள். ஆனால் ஊரார் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. அங்கே ‘இந்தியாக்காரன்’ என்று சொல்லப்பட்டவன் இங்கே ‘சிலோன்காரன்’ ஆனான்.

புறப்படும்போதே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை உண்டு. எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும், எந்தத் திட்டத்தில் உதவி என்பது அதில் எழுதியிருக்கும். சிலருக்குத் தோட்ட வேலை, சிலருக்கு நூற்பாலை வேலை, மிகப் பலருக்கு வியாபாரக் கடன்.

இந்த வியாபாரக் கடன்தான் பெரிய தவறு என்பது நமது கருத்து. ஐயாயிரம் ரூபாய் அளவில் கொடுத்து, பெட்டிக்கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றார்கள். தோட்டத்து மனிதனுக்குக் கடை நடத்தத் தெரியுமா? பற்று எழுதிச் சாமான் வாங்கித்தான் அவனுக்குப் பழக்கம். பற்று எழுதிக் கொடுத்துப் பழக்கம் இல்லை. சரக்கு எங்கே மலிவு, எவனுக்குக் கடன் கொடுக்கலாம், எவனுக்குக் கூடாது என்பதெல்லாம் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கே கைவரும் வித்தை. கடன் கைக்கு வருமுன்னே இடைத்தரகன் தன் பங்கை எடுத்துக்கொண்டான். மிஞ்சியது வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் போயிற்று. சேமநிதிப் பணமும் அதே வழியில் கரைந்தது. பிறகு என்ன செய்வது? தெரிந்த தொழிலைத் தேடி நீலகிரி மலைக்குத் தாமாகவே ஏறினார்கள். கொடைக்கானல் மலைகளில் மரப்பட்டை உரிக்கும் வேலைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள், வெளியே வர முடியாத கொத்தடிமைகளாகக் கிடந்தது 1980-களில் வெளிச்சத்துக்கு வந்தது.

இனி, பலித்த இடங்களைப் பார்ப்போம். 1968-இல் தமிழ்நாடு வனத்துறை நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை நடத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. சுருக்கமாக ‘டான்டீ’ என்பார்கள். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, வால்பாறைப் பக்கங்களில் திரும்பி வந்தவர்கள் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டினார்கள். சம்பளம், குடியிருக்க லயம், மருந்துச்சாலை எல்லாம் இருந்தன. அதே 1976-இல் கேரளத்துப் புனலூரில், மத்திய அரசும் கேரள அரசும் கூட்டாகப் பணம் போட்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ஒன்றை அமைத்தன. ஆயிரநல்லூர், குளத்துப்புழை என்ற இடங்களில் நட்டது தேயிலை அன்று, நமக்கு நன்கு தெரிந்த ரப்பர். கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் ரப்பர்தான். கடலுக்கு அப்பால் நிக்கோபாரில் காச்சல் தீவிலும் சில குடும்பங்களை ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். 2004 ஆழிப்பேரலையில் அந்தத் தீவு பட்ட பாடு பெரும்பாடு.

பலித்தது என்றால் எல்லாருக்கும் அன்று. ரப்பர்க் கன்று நட்டுக் கத்தி வைக்க ஆறு ஏழு ஆண்டு ஆகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் வளர்கிற வேகம் ஒன்று. கப்பல் வருகிற வேகம் வேறு. 1980-இல் காடுகளைக் காக்கும் சட்டம் வந்த பிறகு, புதிதாகக் காடு திருத்துவதும் கடினமாயிற்று. ஆகவே தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் சிறு பகுதியினரே.

பணம் கொடுப்பதற்கும் ஓர் அமைப்பு வேண்டுமல்லவா? பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோருக்காக 1969-இல் சென்னையில் ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. அதுதான் ரெப்கோ வங்கி. இன்றும் நடக்கிறது. இந்திய அரசு வேலைகளிலும் வயது வரம்பைத் தளர்த்தினார்கள். பர்மாவிலிருந்து 1963 சூன் முதல் நாளுக்குப் பிறகும், இலங்கையிலிருந்து 1964 நவம்பர் முதல் நாளுக்குப் பிறகும் வந்தோருக்கு அந்தச் சலுகை. கையெழுத்துப் போடத் தெரியாத கொழுந்துக்காரிக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அவளுக்குப் பயன் இல்லை. படித்த அவள் பிள்ளைக்கு இருந்தது.

நமது நாட்டிலும் ஒரு கூட்டுறவு உண்டு. துண்டாடலால் தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. அது அரசு ஒதுக்கிய மறுவாழ்வு நிதியில் எழுந்ததன்று. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டிய பங்குப் பணத்தில் எழுந்தது.

டான்டீயின் பிற்காலம் அவ்வளவு நன்றாக இல்லை. தேயிலை விலை விழுந்தது, செலவு ஏறியது, நட்டம் சேர்ந்தது. பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். 2022-இல் கழகத்தின் நிலத்தில் இரண்டாயிரம் எக்டருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. அப்போது தொழிலாளர்கள் கேட்ட முதற்கேள்வி சம்பளத்தைப் பற்றி மட்டும் அன்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை விட வேண்டுமே, பிறகு எங்கே போவது என்பதுதான். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்கள் இங்கே கேட்ட அதே கேள்வி. ஓய்வு பெற்றவர்களுக்குச் சொந்தமாக வீடு தருவதாக அரசு அறிவித்தது. கப்பலில் குழந்தைகளாக வந்திறங்கியவர்கள் பலர், இப்போது அந்த வீட்டுக்கு மனுப் போடும் வயதில் இருக்கிறார்கள்.